குரோஷா நூலின் பத்துக் குற்றங்கள்

பாயிரம்

நூல் என்றால் புத்தகம். நூல் என்றால் இழையும்தான். சிக்கல் என்றால் பிரச்சினை. சிக்கல் என்றால் சிடுக்கு விழுந்த நூலும்தான். இதை 31 வருஷம் கரும்பலகையில் எழுதிப்போட்டு ஓய்வு பெற்ற தமிழாசிரியன் நான். எழுதிப்போட்டதெல்லாம் புரிந்து எழுதியதல்ல என்பது குரோஷா ஊசியைக் கையில் பிடித்த அன்றுதான் தெரிந்தது.

13ஆம் நூற்றாண்டில் நன்னூல் செய்த பவணந்தி முனிவர், புத்தகம் எழுதுவதை நூல் நூற்பதோடு ஒப்பிடுகிறார். சொல் பஞ்சு; செய்யுள் இழை; புலவன் நூற்கிற பெண்; அவன் வாய் அவள் கை; அவன் அறிவு கதிர். நூற்ற நூலை ஒரு கொக்கி ஊசியில் மாட்டி இழுத்தால் என்னென்ன கோளாறு வரும் என்று அவர் சொல்லவில்லையே என நினைத்தேன். சொல்லியிருக்கிறார். நூலுக்கு வரக்கூடிய குற்றம் பத்து என்று வரிசையாகவே வைத்திருக்கிறார். மற்றவர்கள் ஆயுள் முழுக்கச் செய்யக்கூடிய அந்தப் பத்தையும் நான் ஆறே மாதத்தில் செய்து முடித்தேன். அந்த அனுபவத்தைப் புதிதாக ஊசி பிடிப்பவர்களுக்கு வழங்குவதே இந்நூலின் பயன்.

எழுந்த காரணம்: மகள் உண்டாகியிருக்கிறாள் என்று சென்னையிலிருந்து சேதி வந்தது. பேரப்பிள்ளைக்குத் தாத்தா கையால் ஒரு தொப்பி என்று போனிலேயே அறிவித்துவிட்டேன்.

ஆசிரியர்: என் மனைவி. பாளையங்கோட்டையில் கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளியில் ஆறாம் வகுப்பிலேயே ஊசி பிடித்தவள். மாணவன்: நான். மாணாக்கரை நன்னூல் மூன்று தரமாகப் பிரிக்கிறது. அன்னமும் பசுவும் போன்றவர் தலை. மண்ணும் கிளியும் போன்றவர் இடை. ஓட்டைக் குடம், ஆடு, எருமை, நெய்யரி போன்றவர் கடை. விடைத்தாள் திருத்தும் இரவுகளில் இந்தப் பட்டியலை நான் வாய்விட்டுச் சொல்லிப் பிள்ளைகளை வைவது வழக்கம். அடுப்படியில் அவள் காதில் விழுந்துகொண்டிருந்தது எனக்குத் தெரியாது.

கருவிகள்: தொடங்குகிறவர்கள் கறுப்பு நூலாகப் பார்த்து வாங்கவும். எது கண்ணி, எது இடைவெளி என்று கடவுளுக்கே தெரியாது. ஆகவே பிழையும் தெரியாது. ரோமம் சிலிர்த்த நூல் கிடைத்தால் இன்னும் விசேஷம். ஊசி, கடையில் உள்ளதிலேயே மெல்லிய எஃகு ஊசி. நூலைச் சுற்றியிருக்கும் காகிதப் பட்டையைக் கடை வாசலிலேயே கிழித்துப் போட்டுவிட வேண்டும். சாயம் ஏற்றிய தொகுதிக்கு அதில் ஓர் எண் இருக்கும். அதைப் பத்திரப்படுத்தினால் பாதியில் நூல் தீரும்போது அதே சாயத்தில் இன்னோர் உருண்டை வாங்கிவிடலாம். அப்புறம், சேலைக்கு மேட்சிங் ஜாக்கெட் துணி தேடுகிறவர்களைப் போல நாலு கடை ஏறி இறங்கும் பாக்கியம் நமக்கு வாய்க்காது.

என் கறுப்பு நூலைப் பார்த்த ஆசிரியர் அதை வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினார். உள்ளே இருந்து ஒரு வெள்ளைப் பருத்தி நூல் உருண்டையை எடுத்தார். நடுத்தரக் கனம், முறுக்குத் தளராத நூல். கூடவே 4 மில்லிமீட்டர் அலுமினிய ஊசி, கத்தரி, இரண்டு ஊக்கு. ஊக்கு எதற்கு என்று கேட்டேன். “தேவப்படும்” என்றார். பாடம் தொடங்கியது.

1. குன்றக் கூறல்

சொல்ல வேண்டியதைச் சுருக்கிச் சொல்வது முதல் குற்றம். குரோஷாவில் இதைச் செய்ய, முதல் சங்கிலியைக் கிணற்று வாளிக்குக் கயிறு கட்டுகிற மாதிரி இழுத்து இழுத்துப் போட்டால் போதும். 20 கண்ணிச் சங்கிலி எஃகுக் கம்பியாக இறுகி நிற்கும். இரண்டாம் வரிசைக்கு ஊசி அதற்குள் நுழையாது. நுழைந்தால், மேல் வரிசை கொஞ்சம் தளர்ந்தும் அடி வரிசை இறுகியும் போய், நேராக வரவேண்டிய பட்டை அரிவாளாக வளையும்.

காரணம் எளிது. கொக்கி ஊசியின் கழுத்து ஒடுங்கியது, நடுத்தண்டு பருத்தது. கண்ணியின் அளவைத் தண்டுதான் தீர்மானிக்க வேண்டும். பயந்தவர்கள் கழுத்திலேயே வைத்து இறுக்கிவிடுகிறார்கள். பழகும்வரை அடிச்சங்கிலியை மட்டும் 5 மில்லிமீட்டர் ஊசியில் போட்டுவிட்டு, அடுத்த வரிசையில் 4க்கு மாறிக்கொள்ளலாம்.

“நூல யாரும் புடுங்கிட்டுப் போயிர மாட்டாங்க. கையக் கொஞ்சம் விடுங்க” என்பது ஆசிரியர் உரை.

2. மிகைபடக் கூறல்

தொப்பி என்பது தலையில் உட்காரும் வரை ஒரு வட்டம். குட்டைக் கண்ணியில் வட்டம் போடுவதற்குக் கணக்கு உண்டு. நடுவில் 6 கண்ணி. அடுத்த சுற்றில் ஒவ்வொன்றிலும் இரண்டு, ஆக 12. அடுத்தது ஒன்றுவிட்டு ஒன்றில் இரண்டு, 18. பிறகு 24, 30, 36. எந்தச் சுற்றிலும் கூடுவது ஆறே ஆறு. உயரக் கண்ணியானால் 12இல் தொடங்கிப் பன்னிரண்டு பன்னிரண்டாகக் கூடும்.

ஆனால் பேரப்பிள்ளைக்குச் செய்வதில் கஞ்சத்தனம் எதற்கு? ஒவ்வொரு சுற்றிலும் எல்லாக் கண்ணியிலும் இரண்டு போடுங்கள். 6, 12, 24, 48, 96, 192. ஆறாவது சுற்றில் உங்கள் கையில் இருப்பது தொப்பியல்ல, முட்டைக்கோஸ். ஓரமெல்லாம் மடிப்பு மடிப்பாக நெளியும்.

யாராவது சிரித்தால் கலங்க வேண்டாம். அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் கணிதம் கற்பித்த லாட்வியப் பெண்மணி டைனா தைமினா, 1997இல் இதையே வேண்டுமென்று செய்தார். இணைகோடுகள் பற்றி யூக்ளிட் சொன்னது செல்லாத ஒரு வளைபரப்பு கணிதத்தில் உண்டு. அதைக் காகிதத்தில் ஒட்டிச் செய்த மாதிரிகள் கைபட்டாலே கிழிந்தன. ஒரே விகிதத்தில் கண்ணிகளைக் கூட்டிக்கொண்டே போனால் குரோஷாவில் அந்தப் பரப்பு தானே நெளிந்து உருவாகும், மாணவர் கையில் கொடுத்து மடக்கியும் பார்க்கலாம் என்று அவர் கண்டார். நான் அதிகச் செலவில்லாமல் ஒரே மாலையில் உயர்கணிதத்துக்குள் நுழைந்துவிட்டேன் என்று மனைவியிடம் சொன்னேன்.

“குழி விழுந்தா கூட்டுங்க. கொசுவம் விழுந்தா குறைங்க” என்றாள். அவ்வளவுதான் விதி. இரண்டு நூற்பாவில் வடிவ கணிதம் முடிந்தது.

தொப்பிக்கு இன்னொரு கணக்கும் வேண்டும். பிறந்த குழந்தையின் தலைச்சுற்றளவு ஏறக்குறைய 35 சென்டிமீட்டர். அதை 3.14ஆல் வகுத்தால் 11. தட்டையாகவே வளர்த்துக்கொண்டு வந்து, வட்டத்தின் குறுக்களவு 10 சென்டிமீட்டரைத் தாண்டும்போது கூட்டுவதை நிறுத்திவிட வேண்டும். பின்னல் கொஞ்சம் இழுபடும் என்பதால் மீதம் சரியாகிவிடும். கூட்டாமல் சுற்றினால் வட்டம் தானாகக் கீழே மடங்கித் தொப்பியாகும். நான் இதை அறிந்தது முட்டைக்கோஸுக்குப் பிறகு.

3. கூறியது கூறல்

உயரக் கண்ணி போடும்போது, வரிசைத் தொடக்கத்தில் உயரத்துக்கு ஏற 3 சங்கிலி போடுகிறோம். அந்த மூன்றும் சேர்ந்து முதல் கண்ணி. ஊசி அடுத்துப் போகவேண்டியது இரண்டாவது கண்ணிக்கு. அந்தச் சங்கிலியின் காலடியிலேயே மறுபடி குத்தினால் சொன்னதையே சொன்னதாகும். வரிசைக்கு ஒரு கண்ணி கூடும். குட்டைக் கண்ணியில் ஏறுவதற்கு 1 சங்கிலி. அது பொதுவாகக் கணக்கில் வராது. ஆகவே அங்கே முதல் கண்ணியிலேயே குத்த வேண்டும். ஒன்றில் உண்டு, ஒன்றில் இல்லை. விதியென்றால் புறனடை இருக்கத்தானே செய்யும்?

இரண்டு தடவை கேட்பவனுக்கு நூலில் பிழை வராது, மூன்று தடவை கேட்பவன் பிறருக்கே சொல்லித்தரலாம் என்பது நன்னூல். நான் ஏழு தடவை கேட்டேன்.

“ஓட்டக் குடம்” என்றாள் மனைவி, நூலிலிருந்து கண்ணெடுக்காமல். அப்போதுதான் பட்டியல் அவளுக்குத் தெரியும் என்பது எனக்குத் தெரிந்தது.

குட்டை, உயரம் என்று சொல்கிறாயே, அதற்கெல்லாம் பெயரில்லையா என்று கேட்பீர்கள். பெயர் இருக்கிறது. அதுதான் அடுத்த குற்றம்.

4. மாறுகொளக் கூறல்

ஒன்றுக்கொன்று முரணாகச் சொல்வது. இதை நீங்களாகச் செய்ய வேண்டியதில்லை. இரண்டு வல்லரசுகள் உங்களுக்காகச் செய்து வைத்திருக்கின்றன.

மகள் சென்னையிலிருந்து அமெரிக்கப் பெண்மணி ஒருவரின் வீடியோவை அனுப்பினாள். அதில் குட்டைக் கண்ணிக்குப் பெயர் ‘சிங்கிள்’. உயரக் கண்ணி ‘டபுள்’. என் மனைவிக்குக் கன்னியாஸ்திரி சொல்லிக்கொடுத்தது பிரிட்டிஷ் வழக்கு. அதில் குட்டைக் கண்ணிதான் ‘டபுள்’. உயரக் கண்ணி ‘ட்ரெபிள்’. இரண்டுக்கும் நடுவே வரும் கண்ணி அமெரிக்காவில் ‘ஹாஃப் டபுள்’. பிரிட்டனில் ‘ஹாஃப் ட்ரெபிள்’. குட்டைக் கண்ணி, ஒரு பொருள் குறித்த பல சொல். ‘டபுள்’, பல பொருள் குறித்த ஒரு சொல். நன்னூலில் இதற்கெல்லாம் இடம் இருக்கிறது. என் கையில் இருந்த நூலில்தான் இல்லை.

புதியவர்களுக்கு என் யோசனை: இரு தரப்பையும் பகைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு வரிசை வாஷிங்டனுக்கு, ஒரு வரிசை லண்டனுக்கு. நான் அப்படித்தான் செய்தேன். பாதி அடர்த்தியாகவும் பாதி ஜன்னல் கம்பியாகவும் வந்தது. இரவு ஒன்பது மணிக்கு அம்மாவும் மகளும் போனில் வாதாடினார்கள்.

“நீ டபுள்னு சொல்றது ட்ரெபிள், பாப்பா.”

“அம்மா, வீடியோல டபுள்னுதான் சொல்றாங்க.”

“சொல்றவங்க எந்த ஊரு?”

எல்லாக் குழப்பமும் அந்தக் கேள்வியில் தீரும். பிரிட்டிஷ் வழக்கில் ‘சிங்கிள்’ என்ற கண்ணியே வழங்குவதில்லை. குறிப்பில் எங்காவது ‘சிங்கிள்’ என்று கண்டால் அது அமெரிக்கா. ‘சிங்கிள்’ தென்படாமல் ‘ட்ரெபிள்’ ‘டபுள்’ என்றே போனால் பெரும்பாலும் பிரிட்டன். ஊசி எண்ணிலும் இதே வம்பு உண்டு. எஃகு ஊசிகளில் எண் ஏற ஏற ஊசி மெலியும். எண்ணை மறந்துவிட்டு மில்லிமீட்டரைப் பாருங்கள். மில்லிமீட்டருக்கு ஊர் கிடையாது.

5. வழூஉச்சொல் புணர்த்தல்

பிழையான சொற்களைச் சேர்ப்பது. நூலே மூன்று நான்கு இழைகளை முறுக்கிச் செய்தது. கண்ணியின் அடியில் போகவேண்டிய ஊசிமுனை, இழைகளுக்கு நடுவே பாய்ந்து இரண்டை மட்டும் கொத்திக்கொண்டு வரும். நூல் பிளந்து நிற்கும். அந்தக் கணத்தில் 31 வருஷம் நல்ல தமிழ் பேசிய வாயிலிருந்து வருவதுதான் வழூஉச்சொல்.

செந்தமிழில் வைதால் பக்கத்து வீட்டாருக்கு வாழ்த்துப் போலக் கேட்கும் என்பது என் கண்டுபிடிப்பு. நிலையான தீர்வு வேண்டுமென்றால்: கண்ணியின் தலையில் ஆங்கில ‘வி’ எழுத்தைச் சாய்த்துப் போட்ட மாதிரி இரண்டு இழை தெரியும். இரண்டுக்கும் அடியில் ஊசியை விட்டு, நூலை அள்ளியதும் கொக்கியின் வாயைக் கொஞ்சம் கீழே திருப்பி இழுக்க வேண்டும். முறுக்குத் தளர்ந்த நூலும் கூர்முனை ஊசியும் சேர்ந்தால் வாய் கெடுவதைத் தவிர்க்க முடியாது.

6. மயங்க வைத்தல்

நூல் சில நேரம் உருண்டையாக வராது. பெரிய வளையமாகச் சுற்றி, முறுக்கி மடித்த சிட்டமாக வரும். அழகாக இருக்கிறதே என்று அதிலிருந்தே நேராகப் போடத் தொடங்குங்கள். பத்து நிமிஷத்தில் நெளிந்து, பின்னி, மேசைக்காலைச் சுற்றி, ஒரு முனை எங்கேயென்று தெரியாமல் மறு முனை பல முனைகளாகிவிடும். இப்போது இரண்டு பக்கமும் பலமாக இழுங்கள். வேலை கச்சிதமாக முடிந்துவிடும்.

குளத்தில் இறங்கிக் கலக்கிவிட்டுக் குடிக்கிற எருமையைத்தான் பவணந்தியார் இங்கே நினைத்திருப்பார். மனைவியும் அதையே நினைத்தாள்.

சிட்டத்தை முதலில் பிரித்து இரண்டு நாற்காலி முதுகில் மாட்டி, உருண்டையாகச் சுற்றிக்கொள்ள வேண்டும். நாற்காலி இல்லாத வீட்டில் கணவனின் இரண்டு கைகள். ஓய்வு பெற்ற கணவனானால் மேலும் உசிதம். அவனுக்கும் எங்கும் போகவேண்டியிருக்காது. சிக்கல் விழுந்தே விட்டால் இழுக்கக் கூடாது. நுனியைத் தேடவும் கூடாது. மொத்தக் கொத்தையும் நாலா பக்கமும் மெல்ல விரித்துத் தளர்த்திக்கொண்டே வந்தால், நுனி தானே வெளியே தலைகாட்டும். பாதி முடிச்சு, முடிச்சே இல்லை. நாம் இழுத்ததால் முடிச்சு மாதிரி நிற்கிறது.

7. வெற்றெனத் தொடுத்தல்

அடர்த்தியில்லாமல் வெறுமனே கோப்பது. முதல் குற்றத்துக்கு வசவு வாங்கியவர்கள் அடுத்த நாளே இங்கே வந்து சேர்வார்கள். கையைத் தளர்த்தச் சொன்னாளே என்று காற்றோட்டமாக ஒரு யானைப் பொம்மை போட்டேன். ஜப்பானியர் இப்படிப் பின்னிப் பஞ்சடைக்கும் பொம்மைக் கலையை அமிகுருமி என்கிறார்கள். என் யானையில் பஞ்சு உள்ளே அடைபட மறுத்தது; உடம்பெங்கும் வெள்ளையாக எட்டிப் பார்த்தது. யானைக்கு நரை கண்டுவிட்டது என்று விளக்கினேன்.

பொம்மைக்குக் காகிதப் பட்டையில் சொன்னதைவிட ஒரு சுற்றுச் சிறிய ஊசி எடுக்க வேண்டும். காகிதப் பட்டை வேண்டுமென்றால் அதைக் கிழிக்காமல் இருக்க வேண்டும்.

8. மற்றொன்று விரித்தல்

எடுத்ததை விட்டு வேறொன்றைத் தொடங்குவது. என் கூடையில் அன்றைய நிலவரம்: ஒரு காது யானை, கைப்பிடியில்லாத பை, தண்ணீர்ப் பாட்டிலுக்கு உறை (அடிப்பாகம் மட்டும்), முட்டைக்கோஸ். குற்றத்தை விளக்கும்போதே செய்துகாட்டுவது நல்லாசிரியர் வழக்கம் என்பதால், இங்கே இன்னொரு விஷயம்.

கால்டுவெல் 1856இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் வெளியிட்டார் என்று வருஷா வருஷம் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். 1844இல் அவர் மணந்த எலைசா மால்ட் பற்றி ஒரு வரி சொன்னதில்லை. எலைசாவின் தாய் மார்த்தா மால்ட் 1820களில் நாகர்கோவிலில் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தவர். அந்தக் கைவேலையை மகள் இடையன்குடிக்குக் கொண்டுபோனார். அது குரோஷா அல்ல. திண்டின்மேல் குண்டூசி நட்டு, சிறு கட்டைகளில் சுற்றிய பல நூல்களை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னுவது. இருந்தாலும், ஒரே வீட்டில் ஒருவர் ஒரு வகை நூலையும் மற்றவர் இன்னொரு வகை நூலையும் வளர்த்திருக்கிறார்கள். நான் ஒரு நூலைத்தான் தேர்வுக்குக் கேட்டேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். 2016 ஜனவரி 31இல் சென்னையில் ‘மதர் இந்தியாஸ் குரோஷே குவீன்ஸ்’ குழுவினர், துண்டு துண்டாகப் போட்டதையெல்லாம் சேர்த்து உலகிலேயே பெரிய குரோஷா போர்வை என்று கின்னஸ் சாதனை படைத்தார்கள். அளவு 11,148.5 சதுர மீட்டர். சென்னைக்காரர்களுக்குப் புரியும்படி சொன்னால் 1,20,000 சதுர அடி. கிரவுண்டுக்கு 2,400 வீதம் 50 கிரவுண்டு. அத்தனை பேரும் அவரவர் துண்டை முடித்திருக்கிறார்கள் என்பதுதான் எனக்கு மலைப்பு.

“ஆடு” என்றாள் மனைவி, என் கூடையைக் கவிழ்த்துக்கொண்டே. ஒரு செடியில் நிற்காமல் நுனி நுனியாக மேய்ந்துவிட்டுப் போகிற மாணாக்கன். இதற்குத் தீர்வு தொழில்நுட்பத்தில் இல்லை. ஒரு ஊசியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைப் பூட்டிச் சாவியை மனைவியிடம் கொடுத்துவிட வேண்டும்.

9. சென்று தேய்ந்து இறுதல்

ஆரவாரமாகத் தொடங்கிப் போகப் போகத் தேய்ந்து முடிவது. இதைப் பவணந்தியார் ஒரு மஃப்ளரைப் பார்த்துத்தான் எழுதியிருக்க வேண்டும்.

தொப்பிக்கு முன் கை பழகட்டும் என்று 30 கண்ணியில் ஒரு மஃப்ளர் தொடங்கினேன். நாலு மாதம். தொடங்கிய பக்கம் ஒரு சாண். முடித்த பக்கம் 4 கண்ணி. வாசலில் காயப்போட்டால் கோயில் கொடியென்று கும்பிடுவார்கள்.

“எண்ணுனீங்களா?” என்றாள்.

“எண்ணினேன்.”

“என்னத்த?”

பொய் சொல்லக் கூடாது. தமிழில் எண்ணுவது இரண்டு வகை. நான் செய்தது இரண்டாவது வகை. பேத்தியா பேரனா, என்ன பெயர், யார் ஜாடை. டிவி சீரியலில் மாமியார் சொன்னது ஒவ்வொன்றும் நினைவிருக்கிறது. கண்ணிக் கணக்கு மட்டும் இல்லை.

“நெய்யரி” என்றாள். நெய்யை விட்டுவிட்டுக் கசண்டைப் பிடித்து வைத்துக்கொள்கிற பன்னாடை. கடை மாணாக்கர் நால்வரும் அத்தோடு தீர்ந்தார்கள்.

கண்ணிகள் எங்கே போகின்றன? எங்கும் போவதில்லை. வரிசை முடியும் இடத்தில் கடைசிக் கண்ணி, முன் வரிசையில் ஏறிய சங்கிலியோடு ஒட்டிச் சாய்ந்து மறைந்து நிற்கும். முடிந்துவிட்டது என்று திரும்பிவிடுகிறோம். தொடக்கத்திலும் ஒன்றைத் தாண்டிவிடுகிறோம். வரிசைக்கு ஒன்று போனாலும் 26 வரிசையில் 30 நாலாகிவிடும்.

இப்போது அந்த இரண்டு ஊக்குகளுக்கு வருவோம். ஒவ்வொரு வரிசையிலும் முதல் கண்ணி போட்டவுடன் அதில் ஒரு ஊக்கு. கடைசிக் கண்ணியில் ஒரு ஊக்கு. திரும்பி வரும்போது ஊக்கு இருக்கும் கண்ணியில் குத்தாமல் வரிசை முடியாது. பழகும்வரை வரிசைக்கு ஒரு தடவை வாய்விட்டு எண்ண வேண்டும். இவ்வளவுதான். முதல் நாளே ஊக்கு கையில் இருந்தது. நான் அதில் பல் குத்திக்கொண்டிருந்தேன்.

10. நின்று பயன் இன்மை

முடிந்த பிறகும் எதற்கும் உதவாமல் நிற்பது. இதற்கு ஆண்கள் கையாளும் வழி பெயர்மாற்றம். மஃப்ளர் முக்கோணமானால் ‘சால்வை’. முட்டைக்கோஸ் ‘பூச்சாடி விரிப்பு’. காது பாதியில் நின்றால் ‘நவீன பாணி’. பெயர்மாற்றத்தால் ஒரு பயன் உண்டு: பிரிக்க வேண்டியதில்லை.

புதியவர்களின் உண்மையான சிக்கல் இதுதான். மேலே சொன்ன ஒன்பதும் கைப்பிழை. இது மட்டும் மனப்பிழை. மூன்றாவது வரிசையில் தவறு நடந்ததை ஐந்தாவது வரிசையில் பார்க்கிறோம். பார்த்ததைப் பார்க்காதது போல 60 வரிசை போடுகிறோம்.

“பிரிச்சிருங்க” என்றாள், கொடியைக் கையில் வாங்கி.

“நாலு மாச வேலை.”

“நாலு மாசமா தப்பு. வேலை எங்க?”

இரண்டு ஊசிப் பின்னலில் ஒரு வரிசையின் எல்லாக் கண்ணியும் ஒரே நேரத்தில் உயிரோடு ஊசியில் நிற்கும். ஒன்று நழுவினால் கீழே ஓடிவிடும். குரோஷாவில் எப்போதும் உயிரோடு இருப்பது ஒரே கண்ணி. மற்றதெல்லாம் முடிந்து அடங்கியவை. அந்த ஒன்றிலிருந்து ஊசியை உருவி நூலை இழுத்தால், போட்ட வரிசையிலேயே பின்னோக்கி அவிழ்ந்து வரும். தவறு இருக்கும் இடத்துக்கு ஒரு கண்ணி முன்னால் நிறுத்தி, ஊசியை மாட்டித் தொடரலாம். வெட்ட வேண்டாம். நூல் ஓர் அங்குலம்கூட வீணாகாது. சிவப்பு மையில் அடித்த விடைத்தாளை நான் ஒருநாளும் இப்படித் திருப்பி வெள்ளைத்தாளாக்கியதில்லை.

இழுத்தேன். நாலு மாதம் ஒன்பது நிமிஷத்தில் தரையில் கிடந்தது. பிரித்த நூல் சேமியா மாதிரி சுருண்டிருந்தது. அதைச் சிட்டமாகச் சுற்றி, நாலு இடத்தில் தளரக் கட்டி, வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்துக் கொடியில் தொங்கவிட்டாள். மறுநாள் நேராகிவிட்டது.

“இது எத்தனாவது தடவையோ” என்றாள், உருண்டை சுற்றும்போது. என்னவென்று கேட்டேன். தொலைக்காட்சியில் ராமாயணம் ஓடிய காலத்தில், ஷட்டர் வைத்த எங்கள் பழைய டிவிக்கு அவள் போட்ட உறை அந்த நூல். டிவி போன பின் பிரித்தாள். மகளுக்குத் தோள்பை ஆனது. மகள் கல்லூரிக்குப் போனதும் பிரித்தாள். பிறகு என்னிடம் வந்து, கோயில் கொடியாகி, இப்போது மூன்றாவது முறை உருண்டை ஆகிறது. அத்தனை வருஷம் அதே வீட்டில்தான் இருந்தேன். அவள் எதையும் பிரித்து நான் பார்த்ததில்லை.

புறனடை

அந்த நூலில்தான் தொப்பி போட்டேன். 6, 12, 18. ஒவ்வொரு சுற்றும் எண்ணினேன், முதல் வகை. ஊக்கு குத்தினேன். மூன்று தடவை பிரித்தேன். மூன்றாவது தடவை அவள் சொல்லாமலே. குழி விழவில்லை, கொசுவம் விழவில்லை. முடித்த மகிழ்ச்சியில் நூலை அரை அங்குலம் விட்டு நறுக்கிவிட்டேன்.

இது பத்தில் அடங்காத குற்றம். முடிக்கும்போது நூலை 6 அங்குலமாவது விட்டு வெட்டி, கடைசிக் கண்ணி வழியே இழுத்து இறுக்கி, மீதியைத் தையல் ஊசியில் கோத்துப் பின்னலுக்குள்ளேயே முன்னும் பின்னும் ஓட்டி மறைக்க வேண்டும். குழந்தைக்கான பொருளில் இதைக் கண்டிப்பாகச் செய்ய வேண்டும். தளர்ந்து தொங்கும் நூல் சின்ன விரல்களைச் சுற்றிக்கொள்ளும். நான் அரை அங்குலத்தை உள்ளே திணித்துவிட்டு ஆசிரியரிடம் காட்டாமல் பொட்டலம் கட்டினேன்.

பேத்தி பிறந்தாள். எங்கள் கைக் கணக்கு கொஞ்சம் தாராளமாகிவிட்டதால் தொப்பி ஐந்தாவது மாதத்தில்தான் தலையில் நின்றது. மகள் அவளைக் கூட்டிக்கொண்டு பாளையங்கோட்டைக்கு வந்திருந்தாள். ஆச்சி மடியில் உட்கார்ந்திருந்தவள், தலைக்கு மேலே கையைக் கொண்டுபோய், எதையோ பற்றினாள். அரை அங்குல நுனி. இழுத்தாள். வந்தது. மறுபடி இழுத்தாள். ஒரு சுற்று முழுக்க அவிழ்ந்து மூக்கின்மேல் சுருள் சுருளாக விழுந்தது. அதைப் பார்த்துப் பல்லில்லாத வாயால் சிரித்துவிட்டு, மேலும் இழுத்தாள்.

நான் பதறி எழுந்தேன். மனைவி கையை நீட்டி என்னைத் தடுத்தாள். பேத்தியின் விரலில் சுற்றிய நூலை விலக்கிவிட்டு, அவள் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“அன்னம்” என்றாள்.